வறுமைக்கு நடுவே குடும்பப் பாசத்தைக் காட்டும் சங்கப் பாடல் எது?

என் தேர்வு, பெருஞ்சித்திரனார் குமண வள்ளலிடம் பரிசில் வேண்டிப் பாடிய புறநானூற்று 159ஆம் பாடல். கோலையே காலாக ஊன்றிச் சிற்றடி வைத்து நடக்கும், நூல் விரித்தாற்போல் நரைத்த கூந்தலும் மறைந்த பார்வையும் கொண்ட, முற்றத்தைக்கூடத் தாண்ட இயலாத புலவரின் முதிய தாய், தன் உயிர் இன்னும் போகவில்லையே என்று தன் நீண்ட ஆயுளை வெறுக்கிறாள். மனைவியோ, இடுப்பில் பிள்ளைகளைச் சுமந்தபடி, முன்பு கொய்த இடத்திலேயே மீண்டும் துளிர்த்த குப்பைக்கீரையின் முற்றாத இளந்தளிரைப் பறித்துவந்து, உப்பில்லாமல் வேகவைத்து, மோரும் சோறும் இன்றி உண்கிறாள். அந்தத் தளிரைக் கீரை முற்றும்வரை விட்டுவைக்கவும் பசி இடம் தரவில்லை என்பதைப் புலவர் தனியாகச் சொல்லவில்லை. ‘முற்றா’ என்ற ஒரு சொல்லே அதைச் சொல்லிவிடுகிறது.

இவ்விருவர் நெஞ்சமும், பசியால் வாடிய தம் சுற்றத்தாரும் மகிழவே அவர் பரிசில் கேட்கிறார், தமக்கென்று அல்ல. இத்தனை பசியிலும், காலம் தாழ்த்தித் தரும் யானையை ஏற்கமாட்டேன், மனமுவந்து தந்தால் குன்றிமணி அளவாயினும் கொள்வேன் என்கிறார். இரந்து நிற்பவரின் பேச்சாக இது எனக்குத் தோன்றவில்லை. 164ஆம் பாடலில் பெருந்தலைச் சாத்தனாரும் இதே குமணனிடம், சமையலை மறந்து காளான் பூத்த தம் வீட்டு அடுப்பைச் சொல்கிறார். பாலற்ற மார்பைச் சுவைத்து அழும் குழந்தையின் முகத்தை மனைவி பார்க்க, அவள் துயரைப் பார்த்தே தாம் புறப்பட்டு வந்ததாகக் கூறுகிறார்.