"வெள்ளிக்கிழமைக்குள் வேலை கிடைத்தால் நம்புவேன்" என்று கடவுளுக்குக் கெடு வைப்பது தவறா?

ஏழு மாதமாக வேலையில்லாமல் இருக்கிறீர்கள், இந்த வெள்ளிக்கிழமைதான் கடைசி என்று கடவுளிடம் சொல்லிவிட்டீர்கள், இது தவறா என்று கேட்டிருக்கிறீர்கள். நானும் கெடு வைத்தவன்தான். அதனால் உபதேசம் செய்ய வாய் வரவில்லை. நடந்ததைச் சொல்கிறேன்.

என் மகள் 31 வாரத்திலேயே பிறந்துவிட்டாள். எடை 1,240 கிராம். கண்ணாடிப் பெட்டிக்குள் மூக்கில் குழாயோடு கிடந்தாள். பெட்டியின் கால்மாட்டில் ஓர் அட்டை தொங்கும். தினமும் காலையில் அதில் நீல மையில் எடையை எழுதுவார்கள். இரண்டாம் நாள் 1,205. அன்றிரவு மாடிப்படியில் உட்கார்ந்து ஜெபித்தேன்: "நாளைக்கு எடை ஏறினால் நீர் இருக்கிறீர் என்று எடுத்துக்கொள்கிறேன்." மூன்றாம் நாள் 1,160. நான்காம் நாள் 1,130.

அந்த மூன்று நாளும் வேதாகமத்தைக் கண்ணை மூடிக்கொண்டு திறந்து பார்ப்பதும் நடந்தது. முதல் முறை நாளாகமத்தின் பேர்வரிசை வந்தது. அடுத்து லேவியராகமம், குஷ்டரோக சட்டங்கள். மூன்றாம் முறை விரலை நடுப்பக்கமாகப் பார்த்து வைத்தேன். நடுவில் சங்கீதம்தான் வரும் என்று எனக்குத் தெரியாதா என்ன? எங்கள் எதிர்வீட்டில் நல்லது கெட்டது எதற்கும் கோயிலில் பூக்கட்டிப் பார்ப்பார்கள். உள்ளுக்குள் சிரித்திருக்கிறேன். அவர்களாவது வெள்ளைப் பூ வரும்வரை பொட்டலத்தைத் திரும்பத் திரும்பப் பிரிக்கவில்லை.

நான்காம் நாள் அட்டையைப் பார்த்து நான் நின்ற நிலையைக் கண்டு ஒரு சிஸ்டர் வந்தார். "சார், முதல் வாரம் எல்லாக் குழந்தைக்கும் எடை இறங்கும். உடம்பில் இருக்கும் நீர் வடியும். குறைமாதக் குழந்தை என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக இறங்கும். பத்து, பதினைந்து நாளில் பிறந்த எடைக்கு வந்துவிடுவாள்" என்றார்.

அப்போது வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. பிள்ளையின் உடம்பு எப்படி வேலை செய்கிறது என்றே தெரியாதவன் கேள்வித்தாள் தயாரித்து, விடை இதுதான் என்று முடிவும் செய்து, கடவுளை உட்காரவைத்துப் பரீட்சை எழுதச் சொல்லியிருக்கிறேன்.

யாத்திராகமம் 17-ஆம் அதிகாரத்தை அதற்குப் பிறகுதான் ஒழுங்காகப் படித்தேன். எகிப்திலிருந்து மோசேயோடு புறப்பட்ட இஸ்ரவேல் ஜனங்களுக்கு, ரெவிதீம் என்ற வனாந்தர இடத்தில் குடிக்கத் தண்ணீர் இல்லை. தாகம் பொய்யில்லை, பிள்ளைகளும் ஆடுமாடுகளும் கூடவே தவிக்கின்றன. தண்ணீர் கேட்டது குற்றம் என்று நான் நினைக்கவில்லை. "கர்த்தர் எங்கள் நடுவில் இருக்கிறாரா இல்லையா" என்று கேட்டார்களே, அங்கேதான் கோணலாகிறது. கடலைப் பிளந்து கூட்டிவந்தவர், காலைதோறும் மன்னா என்ற வானத்து உணவைத் தருகிறவர், இன்றைய தண்ணீர் வராவிட்டால் இல்லாதவராகிவிடுவாரா? மோசே அந்த இடத்துக்கு மாசா, மேரிபா என்று பேர் வைத்தான். சோதனை என்றும் வாக்குவாதம் என்றும் பொருள். ஆனாலும் தண்ணீர் வந்தது என்பதைப் பிரசங்கத்தில் அவ்வளவாகச் சொல்வதில்லை. கேட்ட விதம் பிசகு என்பதற்காக அவர் யாரையும் தாகத்தில் சாகவிடவில்லை.

இஸ்ரவேலை மீட்கக் கடவுள் அழைத்த கிதியோன், ஆட்டுத்தோலைப் போட்டு அடையாளம் கேட்கவில்லையா என்பீர்கள். கேட்டான், இரண்டு முறை. முதல் நாள் இரவுப் பனியில் தோல் மட்டும் நனைய வேண்டும், மறுநாள் தோல் மட்டும் காய்ந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டாம் முறை கேட்கும்போது, கோபித்துக்கொள்ள வேண்டாம் என்று கெஞ்சிக்கொண்டே கேட்கிறான். தன் பயத்தை மறைக்காமல் கேட்டவனுக்கும் என்னைப்போல் மிரட்டியவனுக்கும் வித்தியாசம் உண்டு.

ஆறாம் நாள் பக்கத்துப் பெட்டிக் குழந்தை இறந்துபோனது. அதன் அப்பாவும் அதே படிக்கட்டில் உட்கார்ந்து ஜெபித்தவர்தான். சில இரவுகளில் எனக்கு இரண்டு படி கீழே. எடை ஏறுவதுதான் கடவுள் இருப்பதற்கு அத்தாட்சி என்றால் அவருக்கு நான் என்ன பதில் சொல்வது? என்னிடம் பதில் இல்லை, இன்றும் இல்லை. அன்று முதல் அடையாளம் கேட்பதை நிறுத்திவிட்டேன்.

அன்றிரவு ஊரில் இருக்கும் ஆச்சிக்கு போன் செய்து அழுதேன். ஏதாவது வசனம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். "அவளுக்குச் சாப்பாடு கொண்டுபோனாயா?" என்று மட்டும் கேட்டாள். என் மனைவி இரண்டு மணிக்கு ஒரு முறை பாலைப் பீய்ச்சிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். மதியத்துக்கு மேல் ஒன்றும் சாப்பிடவில்லை. இட்லி வாங்க ஓடினேன்.

கெடு வைத்தது தவறு என்றே நினைக்கிறேன். ஆனால் புலம்பாதீர்கள் என்று சொல்ல மாட்டேன். 13-ஆம் சங்கீதத்தைப் படித்துப் பாருங்கள், மொத்தம் ஆறே வசனம். "எதுவரைக்கும்" என்று தாவீது திரும்பத் திரும்பக் கேட்கிறான். இதுவரைக்கும்தான் என்று அவன் சொல்லவில்லை. நான் படிக்கட்டில் அதைத்தான் மாற்றிச் சொல்லியிருந்தேன். வெள்ளிக்கிழமை வேலை வராவிட்டால் சனிக்கிழமையும் அவரிடமே போய்ச் சண்டை போடுங்கள். விண்ணப்பம் அனுப்புவதையும் விட்டுவிடாதீர்கள்.

பதினெட்டாம் நாள் சிஸ்டர் என் சட்டைப் பொத்தானைக் கழற்றச் சொல்லி, குழந்தையை என் நெஞ்சில் ஒட்டவைத்துத் துணியால் கட்டினார். ஒரு மணி நேரம் அசையாமல் உட்கார்ந்திருந்தேன். அன்றைக்கு அட்டையில் என்ன எழுதியிருந்தார்கள் என்று பார்க்க மறந்தே போனேன்.