12 மில்லிமீட்டர் தைராய்டு கட்டி: ஆபரேஷனுக்கும் அவசரம் வேண்டாம், ஸ்டெம் செல்லுக்கு முன்பணமும் வேண்டாம்

கேள்வி: என் மனைவிக்கு வயது 38. கழுத்து வலிக்காக எடுத்த அல்ட்ராசவுண்ட் ஸ்கேனில், தைராய்டின் வலப்பக்கத்தில் 12 மி.மீ. கட்டி இருப்பது தெரிந்தது. ரிப்போர்ட்டில் 'டை-ராட்ஸ் 4' என்று இருக்கிறது. தைராய்டு வேலையைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனையான டி.எஸ்.எச். 2.1. தைராய்டு முழுவதையும் எடுத்துவிடலாம் என்கிறார் ஒரு மருத்துவர். மருத்துவமனை ஏற்பாடு செய்து தரும் ஒருவரோ, 'ஆபரேஷன் முடிந்ததும் ஸ்டெம் செல் செலுத்தினால் தைராய்டு மறுபடி வளர்ந்துவிடும், ஆயுசுக்கும் மாத்திரை வேண்டாம். இந்த வாரமே முன்பணம் கட்டினால் பெட் ஸ்கேனும் சேர்த்துச் செய்து தருகிறோம்' என்கிறார். என்ன செய்வது?

பதில்: முன்பணம் கட்டாதீர்கள். கட்டிவிட்டிருந்தால் இன்றே திருப்பிக் கேளுங்கள். நீங்கள் எழுதியிருக்கும் விவரங்களை வைத்துப் பார்த்தால் உங்கள் மனைவிக்கு இப்போது ஆபரேஷன் தேவையில்லை. அந்த ஸ்டெம் செல் ஊசி இப்போது மட்டுமல்ல, ஆபரேஷன் நடந்தாலும் தேவையில்லை.

முதலில் அந்த '4'. இதைப் பார்த்துவிட்டு 'நான்காம் கட்டப் புற்றுநோய்' என்று நினைத்து அழுதுகொண்டே வருபவர்களை வாரந்தோறும் பார்க்கிறேன். இரண்டுக்கும் சம்பந்தமே இல்லை. ஸ்கேனில் கட்டி எப்படித் தெரிகிறது என்பதற்குப் போடும் மதிப்பெண்தான் டை-ராட்ஸ். உள்ளே திரவமா திடமா, சுற்றியுள்ள தைராய்டைவிட எவ்வளவு கருமை, படுத்தவாக்கில் இருக்கிறதா நின்றவாக்கில் இருக்கிறதா, ஓரம் சீரா, உள்ளே மாவு தூவியதுபோல வெண்புள்ளிகள் உண்டா என்று ஐந்து விஷயங்களைப் பார்த்துக் கூட்டுவார்கள். நான்காம் வகையில் வரும் நூறு கட்டிகளில் ஏறத்தாழ ஒன்பதுதான் புற்று. மற்றவை ஒன்றும் செய்யாதவை. பலரும் பின்பற்றும் 2017-ஆம் ஆண்டின் அமெரிக்க வழிகாட்டுதல்படி, நான்காம் வகைக் கட்டி 15 மி.மீ. எட்டினால்தான் ஊசி குத்திச் செல் எடுத்துப் பார்க்க வேண்டும். 10 முதல் 15 வரை இருந்தால் ஸ்கேன் மூலம் கவனித்து வந்தால் போதும். உங்கள் மனைவியுடையது 12.

ஊசிப் பரிசோதனைகூட இன்னும் தேவைப்படாத கட்டிக்கு நேராக முழுத் தைராய்டையும் எடுக்கச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. நானும் கத்தி பிடிப்பவன்தான். அதனாலேயே அங்கே என்ன இருக்கிறதென்று தெரியும். தைராய்டின் பின்பக்கம் இரண்டு பக்கமும் நூல் கனத்தில் குரல் நரம்பு ஓடுகிறது. அது இழுபட்டால்கூடக் குரல் கம்மிப்போகும். அதை ஒட்டியே துவரம்பருப்பு அளவில், மஞ்சளும் பழுப்பும் கலந்த நிறத்தில், பெரும்பாலோருக்கு நான்கு பாராதைராய்டு சுரப்பிகள். கொழுப்புத் துணுக்கோடு கலந்து கிடக்கும் அவற்றைப் பிரித்து அறிவதே ஒரு வேலை. அவற்றின் ரத்த ஓட்டம் கெட்டால் உடம்பில் கால்சியம் இறங்கும். உதட்டைச் சுற்றியும் விரல் நுனியிலும் மரமரப்பு வரும், கை இழுத்துக்கொள்ளும். சிலருக்கு இது காலம் முழுக்க நீடிக்கும்.

அப்படி ரத்த ஓட்டம் கெட்ட ஒரு பாராதைராய்டைக் கையில் எடுக்க நேர்ந்தால், மில்லிமீட்டர் துணுக்குகளாக நறுக்கிக் கழுத்துத் தசையில் சின்னப் பை போலப் பிரித்து உள்ளே வைத்துத் தைப்போம். சில வாரங்களில் அது அங்கேயே வேர்பிடித்து வேலை செய்யத் தொடங்கும். தைராய்டு ஆபரேஷனில் உண்மையாகவே செய்யப்படும் மாற்றுப் பதியம் இதுதான். நோயாளியின் சொந்தத் திசு, அதே மேசையில், அதே நேரத்தில். இதற்கென்று தனிக் கட்டணமோ ஏஜென்டோ கிடையாது.

இனி ஸ்டெம் செல், அதாவது வேறு வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல். உங்களிடம் பேசியவர் முழுக்கக் கற்பனையாகச் சொல்லவில்லை, அதுதான் ஆபத்து. 2012-இல் பெல்ஜியத்தின் பிரஸ்ஸல்ஸில் ஓர் ஆய்வுக் குழு, எலியின் கருநிலை ஸ்டெம் செல்களைத் தைராய்டு செல்களாக மாற்றி, தைராய்டு இல்லாத எலிகளின் சிறுநீரக உறைக்கு அடியில் வைத்தது. அவை ஹார்மோன் சுரந்தன. 2022-இல் மனித ஸ்டெம் செல்களிலிருந்தும் அப்படி உருவாக்கி, அதையும் எலிகளில் வைத்துக் காட்டினார்கள். அருமையான ஆராய்ச்சி, நான் ஆவலோடு கவனித்துவருவது. ஆனால் அது எலியில் நடந்தது. தைராய்டை எடுத்த ஒருவருக்கு ஸ்டெம் செல் செலுத்தி அதைத் திரும்ப வளர்க்கும் அங்கீகரிக்கப்பட்ட சிகிச்சை எந்த நாட்டிலும் இல்லை. ரத்தப் புற்றுக்கு எலும்பு மஜ்ஜை ஸ்டெம் செல் மாற்றுவது உண்மையான, பல பத்தாண்டுகள் பழகிய சிகிச்சை. இந்தத் தரகர்கள் அந்தப் பெயரைக் கடன் வாங்கித்தான் இதை விற்கிறார்கள்.

எதைச் செலுத்துவார்கள் தெரியுமா? பெரும்பாலும் வயிற்றுக் கொழுப்பிலிருந்து உறிஞ்சி எடுத்த ஏதோ ஒரு கலவை. அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இப்படிப்பட்ட ஒரு கிளினிக்கில் கண்ணுக்குள் கொழுப்பு ஸ்டெம் செல் செலுத்திக்கொண்ட மூன்று பெண்களுக்குப் பார்வை பறிபோனதை 2017-இல் மருத்துவ இதழ் ஒன்று விவரமாக வெளியிட்டது. 'உங்கள் உடம்பிலிருந்து எடுத்ததுதானே, என்ன ஆகிவிடும்' என்ற பேச்சுக்கு அந்த மூவரின் கண்களே பதில். ஒன்றை மட்டும் கேட்டுப் பாருங்கள்: இது ஆய்வா, சிகிச்சையா? ஆய்வு என்றால் பதிவு எண்ணும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் எங்கே, ஆய்வுக்கு ஏன் என்னிடம் பணம் வாங்குகிறீர்கள்? சிகிச்சை என்றால் எந்த அரசு அமைப்பு அங்கீகரித்தது? இதைக் கேட்டதும் அந்த ஆள் போனை வைத்துவிடுவார்.

இவர்களைச் சொல்லிக் குற்றமில்லை என்று ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் இவர்களுக்கு வாசல் திறந்துவிடுவது எங்கள் அமைப்புதான். ஐந்து விஷயங்களையும் விவரிக்க வேண்டிய ஸ்கேன் ரிப்போர்ட்டில் ஒரு எண்ணை மட்டும் எழுதிவிட்டு, 'மருத்துவரை அணுகவும்' என்று முடிக்கிறார்கள். அந்த மருத்துவர் நான்கு நிமிடத்தில் தீர்ப்பு சொல்கிறார். வெளியே வந்து பயந்து நிற்பவரிடம் அரை மணி நேரம் பொறுமையாகப் பேசுவது தரகர் ஒருவர்தான். இந்த நிலை மாறவேண்டும் என்று எத்தனையோ கூட்டங்களில் சொல்லிச் சலித்துவிட்டேன்.

பயத்தில் கத்தி வைத்தால் என்ன நடக்கும் என்பதற்குத் தென்கொரியாவே சாட்சி. ஆளாளுக்குக் கழுத்து ஸ்கேன் எடுத்ததில், 1993-க்கும் 2011-க்கும் இடையில் அங்கே கண்டுபிடிக்கப்பட்ட தைராய்டு புற்று 15 மடங்கானது. இறப்போ அப்படியே இருந்தது. ஜப்பானின் கோபே நகரில் குமா மருத்துவமனை 1993 முதல், ஊசியில் புற்று என்றே உறுதியான 10 மி.மீ.க்குள்ளான கட்டிகளைக்கூட வெட்டாமல் கவனித்து வந்தது. பத்து ஆண்டுகளில் 3 மி.மீ. வளர்ந்தவை நூறில் எட்டு. நிணநீர் முடிச்சுக்குப் பரவியவை நூறில் நான்குக்கும் குறைவு.

பெட் ஸ்கேன் வேண்டாம். சர்க்கரையை அதிகம் இழுக்கும் இடங்களை ஒளிரவைத்துக் காட்டும் ஸ்கேன் அது. அதில் ஒரு கட்டி ஒளிர்ந்தால் மூன்றில் ஒன்றுதான் புற்றாக இருக்கும். கடைசியில் ஊசிக்கே வரவேண்டும்.

டி.எஸ்.எச். 2.1 இயல்பானது என்பதால் உங்கள் மனைவிக்குப் பொருந்தாவிட்டாலும் ஒரு விதிவிலக்கைச் சொல்லாமல் விடமுடியவில்லை, ஏனென்றால் இதில் தவறு நடந்தே என்னிடம் வருகிறார்கள். டி.எஸ்.எச். இயல்பைவிடக் குறைவாக இருந்தால் ஊசிக்கு முன், சிறிதளவு கதிரியக்கப் பொருள் கொடுத்து எடுக்கும் ஐசோடோப் ஸ்கேன் எடுக்க வேண்டும். கட்டி தானாகவே ஹார்மோனைக் கொட்டுகிறதா என்று அது காட்டும். அப்படிச் சுரக்கும் 'சூடான' கட்டி புற்றாக இருப்பது மிக அரிது. இதைப் பார்க்காமல் ஊசி குத்தினால், சுறுசுறுப்பாக வேலை செய்யும் அதன் செல்கள் கண்ணாடித் தகட்டில் சந்தேகத்துக்குரியவை போலத் தெரியும். ரிப்போர்ட்டில் 'ஃபாலிகுலர் நியோபிளாசம்', அதாவது புற்றா இல்லையா என்று ஊசியால் பிரித்துச் சொல்ல முடியாத வளர்ச்சி, என்று வரும். உடனே ஆபரேஷன். கூந்தலுக்காக பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்களுக்குச் சில லேப் முறைகளில் டி.எஸ்.எச். பொய்யாகக் குறைந்து காட்டும். அதனால் ரத்தம் கொடுப்பதற்கு இரண்டு நாள் முன்பே அதை நிறுத்திவிட்டு மறுபடி பார்க்க வேண்டும். கர்ப்பிணிக்கு ஐசோடோப் ஸ்கேன் கூடாது.

உங்கள் மனைவிக்கு ஓராண்டு கழித்து அல்ட்ராசவுண்ட் போதும். நீளம், அகலம், உயரம் மூன்றும் எழுதித்தரச் சொல்லுங்கள். இரண்டு அளவுகளாவது 20 சதவீதமும் குறைந்தது 2 மி.மீ.யும் கூடியிருந்தால்தான் வளர்ச்சி என்று அர்த்தம். 15-ஐ எட்டினால் ஊசி. அதற்கு முன்பே குரல் கம்மினாலோ, பக்கக் கழுத்தில் வேறு கட்டி தென்பட்டாலோ உடனே வாருங்கள். எப்போதாவது ஆபரேஷன் தேவைப்பட்டால்கூடப் பாதித் தைராய்டை எடுத்தாலே பலருக்குப் போதும். முழுதும் எடுத்தாலும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு தைராக்ஸின் (தைராய்டு ஹார்மோன்) மாத்திரைதான். இந்த வாரம் நீங்கள் செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. ஸ்கேன் எடுத்த இடத்துக்குப் போய் படங்களை சி.டி.யில் கேட்டு வாங்கி வையுங்கள். வெறும் 'டை-ராட்ஸ் 4' என்ற எழுத்தை வைத்து அடுத்த ஆண்டு யாரும் எதையும் ஒப்பிட முடியாது.