மெஸ்ஸி நடக்கும்போது ஓடுகிறவர்கள்

அன்புள்ள ஐயா,

பிரெஞ்சு நடுக்கள ஆட்டக்காரர் கான்டேயைப் புகழ்ந்து நீங்கள் எழுதிய கட்டுரையைப் படித்தேன். எனக்கு உடன்பாடில்லை. ‘அயராத உழைப்பாளி’ என்ற பட்டம் கால்பந்தில் திறமை குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் ஆறுதல் பரிசு என்றே நினைக்கிறேன். கல்யாண வீட்டில் ஓடியாடி வேலை செய்பவரை எல்லோரும் மெச்சுவார்கள். ஆனால் சாப்பாடு நன்றாக இருந்தால் அது சமையல்காரரால்தானே? மெஸ்ஸி ஆட்டத்தின் பெரும்பகுதி நடந்துகொண்டுதான் இருக்கிறார். உலகக் கோப்பையைத் தூக்கியது அவர்தான். ஓட்டம் பயிற்சியில் யாருக்கும் வந்துவிடும், மெஸ்ஸியின் இடதுகால் வராது. ஓடுகிறவர் இல்லாமல் சரிந்துபோன பெரிய அணி ஒன்றையாவது உங்களால் காட்ட முடியுமா?

எஸ்.ஆர்.

அன்புள்ள எஸ்.ஆர்.,

மெஸ்ஸி நடக்கிறார் என்பதில் நமக்குள் தகராறு இல்லை. எதிரணித் தடுப்பாட்டக்காரர்கள் எங்கே நிற்கிறார்கள், எந்தப் பக்கம் இடைவெளி விழுகிறது என்று தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டே நடப்பார். அதைச் சோம்பல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் பந்து எதிரணியிடம் இருக்கும்போது ஒருவர் நடந்தால், அவர் மறிக்க வேண்டிய இடத்தை இன்னொருவர் போய் மறித்தாக வேண்டும். நீங்கள் சொல்லும் அதே 2022 கத்தார் உலகக் கோப்பையை எடுத்துக்கொள்வோம்.

முதல் ஆட்டம் நவம்பர் 22, சவூதி அரேபியாவுடன். 36 ஆட்டங்களாகத் தோற்காமல் வந்த அர்ஜென்டினா 2-1 என்று தோற்றது. அன்றும் மெஸ்ஸி கோல் போட்டார். நடுக்களத்தில் பரேதெஸும் பாப்பு கோமஸும், முன்களத்தில் லௌதாரோ மார்ட்டினெஸும் ஆடினார்கள். போலந்துக்கு எதிரான மூன்றாவது ஆட்டத்தைத் தொடங்கியபோது இந்த மூவருமே வெளியே. உள்ளே வந்தவர்கள் மக் அலிஸ்டர், என்ஸோ ஃபெர்னாண்டஸ், ஹூலியன் ஆல்வரெஸ். வயது முறையே 23, 21, 22. (லௌதாரோவை உழைக்காதவர் என்று சொன்னால் இத்தாலியின் இன்டர் மிலன் அணி ரசிகர்கள் அடிக்க வருவார்கள். நானும் அப்படிச் சொல்லவில்லை.) பயிற்சியாளர் ஸ்கலோனி மெஸ்ஸியை ஓடச் சொல்லவில்லை. அவரைச் சுற்றி நின்றவர்களை மாற்றினார். முதல் ஆட்டத்திலிருந்து இறுதிப் போட்டி வரை அந்த நடுக்களத்தில் மாறாமல் இருந்தவர் ரொத்ரிகோ தெ பால்.

இந்த தெ பால் என்ன செய்தார் என்று பார்க்க, டிசம்பர் 3 அன்று ஆஸ்திரேலியாவுடன் நடந்த ஆட்டத்தின் 57-வது நிமிடம் போதும். ஆஸ்திரேலியர்கள் பந்தைத் தங்கள் கோல்கீப்பர் மேத்யூ ரயனை நோக்கிப் பின்பக்கமாகத் தள்ளுகிறார்கள். அபாயம் எதுவும் இல்லை. தெ பால் அந்தப் பந்தின் பின்னாலேயே பாய்ந்து ஓடுகிறார். பெரும்பாலும் வீணாகப் போகிற ஓட்டம் இது. கோல்கீப்பர் ஓங்கி ஒரு உதை விட்டால் முடிந்தது, ஓடிவந்தவர் மூச்சு வாங்கிக்கொண்டு திரும்ப வேண்டியதுதான். ரயன் உதைக்கவில்லை. தெ பாலை ஏமாற்றி வெட்டித் திரும்பப் பார்த்தார். பந்து காலைவிட்டு ஒரு அடி கூடுதலாக நகர்ந்தது. அந்தப் பக்கம் ஏற்கெனவே வந்து நின்ற ஆல்வரெஸ் அதைத் தட்டிப் பறித்து, திரும்பி, காலி வலைக்குள் உருட்டிவிட்டார்.

ஸ்கோர் அட்டையில் ஆல்வரெஸ் பெயர் இருக்கும். தெ பால் பந்தைத் தொடக்கூட இல்லை. ஆட்டம் 2-1 என்று முடிந்தது. முதல் கோல் உங்கள் மெஸ்ஸியின் இடதுகால் போட்டதுதான், ஒப்புக்கொள்கிறேன். இரண்டாவது கோல் விழாமல் இருந்திருந்தால் ஆட்டம் கூடுதல் நேரத்துக்குப் போயிருக்கும்.

அடுத்து, ஓட்டம் யாருக்கும் வரும் என்கிறீர்கள். தம் பிடித்து ஓடுவது வரும். முதல்தர நடுக்கள ஆட்டக்காரர் ஒரு ஆட்டத்தில் 11, 12 கிலோமீட்டர் ஓடுவது சாதாரணம், தோற்ற அணிக்காரரும் அதே அளவு ஓடியிருப்பார். டிவியில் காட்டும் அந்தக் கணக்கை நானும் பொருட்படுத்துவதில்லை. எப்போது ஓடுவது என்பதில்தான் விஷயம் இருக்கிறது. எதிராளி தன் கோலைப் பார்த்துத் திரும்பி நிற்கும்போதோ, பந்து அவன் காலில் சரியாக அடங்காதபோதோ, பக்கக் கோட்டோரம் அவனுக்குத் திரும்ப ஒரு பக்கம் மட்டுமே மிச்சமிருக்கும்போதோ பாய வேண்டும். ஒரு நொடி முந்தினால் அவன் சுலபமாகத் தாண்டிப் போவான், பிந்தினால் பந்து வேறிடம் போயிருக்கும். அதுவும் தனியாகப் பாய்ந்து பயனில்லை. பின்னால் இருப்பவர்கள் சேர்ந்து நகரவில்லை என்றால், பாய்ந்தவர் விட்டுவந்த இடத்தில்தான் அடுத்த பாஸ் போய் விழும். அப்படிக் கேலரிக்காக ஓடுகிறவர்கள் எல்லா அணியிலும் உண்டு. கைதட்டலும் அவர்களுக்கே அதிகம் கிடைக்கும். ஆறுதல் பரிசு என்று நீங்கள் சொன்னதை அவர்களுக்குக் கொடுங்கள், ஆட்சேபணை இல்லை.

கான்டே அந்த வகை இல்லை. 21 வயதில் பிரான்சின் மூன்றாம் அடுக்கில் ஆடிக்கொண்டிருந்தவர், உயரம் ஐந்தரை அடி. 2015-16இல் இங்கிலாந்தின் லெஸ்டர் அணிக்காக ஒரே பிரீமியர் லீக் சீசனில் 175 டேக்கிள், அதாவது எதிராளி காலிலிருந்து பந்தைப் பறித்தது. அந்த சீசனில் வேறு யாரும் அவ்வளவு செய்யவில்லை, லெஸ்டர் சாம்பியன். அடுத்த சீசன் செல்சிக்குப் போனார், அங்கேயும் சாம்பியன். இதையெல்லாம் ஓட்டம் என்று தள்ளிவிடலாம். 2021 மே 5, ரியல் மாட்ரிட்டுக்கு எதிரான சாம்பியன்ஸ் லீக் அரையிறுதியை எப்படித் தள்ளுவீர்கள்? நடுக்களத்தில் பந்தோடு கிளம்பி, வெர்னருடன் மாறி மாறி பாஸ் போட்டுத் தடுப்பைப் பிளந்தவர் கான்டே. ஹாவெர்ட்ஸ் தூக்கிப் போட்ட பந்து மேல்கம்பத்தில் பட்டுக் கீழே வந்தது, வெர்னர் தலையால் முட்டினார், கோல். 85-வது நிமிடம், எல்லோரும் களைத்திருக்கும் நேரத்தில், மாட்ரிட் பாதியில் பந்தைப் பறித்து புலிசிச்சிடம் கொடுத்தவரும் அவரே. புலிசிச் உள்ளே தள்ள, மவுன்ட் முடித்தார். இரண்டு கோலிலும் கணக்குப் புத்தகத்தில் கான்டே பெயர் இல்லை.

கடைசியாக, ஓடுகிறவர் இல்லாமல் சரிந்த அணியைக் கேட்டீர்கள். 2003 கோடை, ரியல் மாட்ரிட். ஸிடான், ஃபிகோ, ரொனால்டோ, ரவுல் எல்லாம் இருந்த, அப்போதுதான் ஸ்பெயின் லீக் கோப்பை வென்ற அணி. அவர்களுக்குப் பின்னால் நின்று பந்தைப் பறித்துக் கொடுத்துக்கொண்டிருந்த கிளாத் மக்கலேலே சம்பளத்தைக் கூட்டிக் கேட்டார். சக நட்சத்திரங்கள் வாங்கியதில் சிறு பங்குதான் அவருக்குக் கிடைத்தது. நிர்வாகம் மறுத்தது. அதே கோடையில் பெக்காமை வாங்கியது, மக்கலேலேயைச் செல்சிக்கு விற்றது. அவர் பாஸ்களில் தொண்ணூறு சதவீதம் பின்னாலும் பக்கத்திலும்தான் போகின்றன என்பதுதான் அப்போது சொல்லப்பட்ட குறை. பந்தைப் பறித்தவுடன் பக்கத்தில் நிற்கும் ஸிடானுக்குக் கொடுக்காமல் வேறு யாருக்குக் கொடுப்பது என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

அடுத்த சீசனில் மாட்ரிட் கடைசி ஐந்து லீக் ஆட்டங்களையும் தோற்று நான்காவது இடத்தில் முடித்தது. சாம்பியன்ஸ் லீக்கில் மொனாக்கோவிடம் தோற்றது, ஸ்பெயினின் இன்னொரு கோப்பையான கோப்பா தெல் ரே இறுதியில் ஸரகோஸாவிடம். பயிற்சியாளர் தெல் போஸ்கேயையும் கேப்டன் ஹியரோவையும் சேர்த்தே அனுப்பியிருந்தார்கள், எனவே எல்லாப் பழியையும் ஒரு விற்பனை மேல் போட முடியாது. ஆனால் மக்கலேலே போன இடத்தைப் பாருங்கள். 2004-05இல் செல்சி 38 லீக் ஆட்டங்களில் வாங்கிய கோல் மொத்தம் 15, சாம்பியன் பட்டமும் அவர்களுக்கே.

மாட்ரிட்டுக்கு லீக் கோப்பை திரும்பி வர 2007 ஆனது. அதற்கு முந்தைய கோடையில் பயிற்சியாளராக வந்த கபெல்லோவின் அணிக்கு வாங்கப்பட்டவர்களில் இருவர் எமர்சன், மஹமது தியாரா. இருவருமே நடுக்களத்தில் பந்தைப் பறிக்கிறவர்கள். அதே கோடையில் வந்த வான் நிஸ்டல்ராய் லீக்கில் 25 கோல் போட்டதையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் அடுத்த கடிதத்தில் நீங்கள் சொல்வீர்கள்.