சாவி புதுசு, வண்டி ஸ்டார்ட் ஆகல!

கே: ஏற்காடு லேடீஸ் சீட் வியூ பாயிண்ட்ல கார் சாவி பள்ளத்துல விழுந்துடுச்சு சார். சேலத்துல கடையில சாவி வெட்டுனேன், கதவு திறக்குது, இன்ஜின் மட்டும் ஒரு செகண்ட் உறுமிட்டு ஆஃப் ஆயிடுது, ஏன்?
- வாசகர், அஸ்தம்பட்டி

ப: பழைய சாவியோட பிளாஸ்டிக் தலைக்குள்ள அரிசி சைஸ்ல ஒரு சிப் இருந்திருக்கும், அதுக்கு பேட்டரியே வேணாம், சாவி போடுற இடத்த சுத்தி இருக்கிற கம்பிச் சுருள்தான் (காயில்) கரண்ட் குடுத்து அதோட ரகசிய கோடு நம்பர கேட்கும், பதில் சரியா வரலன்னா இம்மொபிலைசர்ங்கிற திருட்டுத் தடுப்பு சிஸ்டம் இன்ஜின நிறுத்திடும். கடைக்காரர் வெட்டுனது வெறும் இரும்புதாங்க! சிப் உள்ள சாவிக்கு ஆர்சி, ஆதாரோட டீலர்கிட்ட போங்க, ஸ்பேர் சாவி இருந்தா அதையும் கொண்டுபோங்க, செலவு குறையலாம். அப்படியே தொலைஞ்ச சாவிய வண்டியோட மெமரியில இருந்து அழிக்கச் சொல்லுங்க. இன்சூரன்ஸ்ல சாவிக்கு ஆட்-ஆன் (கூடுதல் கவர்) போட்டிருக்கீங்களான்னும் பாருங்க, பலர் பணம் கட்டிட்டு மறந்துடுறாங்க.