விசை ஒன்று, எழுத்து வேறு: எடிட்டர் பயன்படுத்துவோரின் கேள்விகளுக்குப் பதில்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கேள்விகளில் பெரும்பாலானவை "கீபோர்டை மாற்றிவிடலாமா?" என்றே முடிந்திருந்தன. ஒன்றைத் தவிர மற்றவற்றுக்கு அந்தச் செலவு தேவையில்லை. ஒரு விசையை அழுத்தும்போது விசைப்பலகை ஓர் எண்ணை மட்டுமே அனுப்புகிறது. அது எந்த எழுத்து என்பதை இயங்குதளத்தின் விசையமைப்பும், தமிழ் உள்ளீட்டு மென்பொருளும், டெர்மினலில் (கட்டளைகளைத் தட்டச்சு செய்யும் சாளரத்தில்) வேலை செய்தால் அந்த டெர்மினலும், கடைசியாக எடிட்டர் எனப்படும் உரை எழுதும் செயலியும் அடுத்தடுத்துத் தீர்மானிக்கின்றன. கோளாறு இவற்றுள் எந்தப் படியில் என்று தெரிந்துகொள்ளாமல் அமைப்புகளில் கைவைத்தால், இருந்த ஒரு கோளாறு இரண்டாகும்.

அரூரிலிருந்து ஒரு பத்திர எழுத்தர்: ஐயா, நோட்பேட் பிளஸ் பிளஸில் 'கொ' என்று அடித்துவிட்டு பேக்ஸ்பேஸை அழுத்தினால் என் கணினியில் 'க' மிஞ்சுகிறது. வேறோரிடத்திலிருந்து வந்த கோப்பில் அதே 'கொ' எழுத்தில் அழுத்தினால் 'கெ' மிஞ்சுகிறது. வேறு செயலிகளில் டெலீட் விசையோ முழு எழுத்தையும் விழுங்கிவிடுகிறது. எது பழுது?

எதுவும் பழுதில்லை. யூனிகோடில் உயிர்மெய் என்பது ஒரே குறியீடு அன்று. மெய்யெழுத்தின் அடிப்படை வடிவம் ஒரு குறியீடாகவும் உயிர்க்குறி வேறொரு குறியீடாகவும் சேமிக்கப்படுகின்றன. பேக்ஸ்பேஸ் பொதுவாகக் கடைசியாகச் சேர்ந்த ஒரு குறியீட்டை மட்டும் நீக்கும். டெலீட் பெரும்பாலான செயலிகளில் கண்ணுக்குத் தெரியும் முழு எழுத்தையும் நீக்கும். தட்டச்சில் தவறான உயிர்க்குறியை மட்டும் திருத்திக்கொள்ள வசதியாக இப்படி வைத்திருக்கிறார்கள். 'ஸ்ரீ' என்ற எழுத்தில் நான்கு குறியீடுகள் இருப்பதால் அதை அழிக்க பேக்ஸ்பேஸை நான்கு முறை அழுத்த வேண்டியிருப்பதும் இதனால்தான்.

உங்கள் இரண்டு கோப்புகளும் வேறுபடுவதற்குக் காரணம், ஒகரக் குறியை இரண்டு வழிகளில் எழுத முடியும் என்பதே. ஒரே குறியீடாக எழுதலாம். ஒற்றைக் கொம்பையும் காலையும் தனித்தனியாகச் சேர்த்தும் எழுதலாம். திரையிலும் அச்சிலும் வேறுபாடு தெரியாது. தேடும்போதுதான் தெரியும்: கொள்முதல், கொடுக்கல் போன்ற சொற்களை ஒரு வடிவில் தேடினால் மற்றொரு வடிவில் இருப்பது அகப்படாமல் போகலாம். வந்த கோப்பிலிருந்து கொம்பையும் காலையும் நகலெடுத்துத் தேடும் கட்டத்தில் ஒட்டி, மாற்றும் கட்டத்தில் உங்கள் உள்ளீட்டு மென்பொருளின் ஒகரக் குறியை இட்டு, கோப்பு முழுவதையும் ஒரே வடிவுக்குக் கொண்டுவந்துவிடுங்கள். ஓகாரத்துக்கும் இதையே செய்யவும்.

ஔகாரத்தில் இன்னொரு சிக்கல் உண்டு. 'கௌரி' என்ற பெயரைப் பலர் கொம்பு போட்டு, அருகில் ளகரத்தையே அடித்து 'கெளரி' என்று எழுதிவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோல் தோன்றினாலும் கணினிக்கு அது வேறு சொல். பேக்ஸ்பேஸ் அங்கே ஒரு முழு ளகரத்தை நீக்கும். பத்திரத்தில் பெயர் தேடுகிறவருக்கு இது சிறிய விஷயமன்று.

பர்கூரில் பொறியியல் படிக்கும் மாணவர்: உபுண்டு லினக்ஸில் விஐ எடிட்டரைத் திறந்து தட்டச்சு செய்யும்போது அம்புக்குறி விசைகளை அழுத்தினால் ஏ, பி, சி, டி என்ற ஆங்கில எழுத்துகள் விழுகின்றன. ஒவ்வொரு முறையும் புதிய வரியும் தோன்றுகிறது.

டெர்மினலில் மேல் அம்புக்குறிக்கு என்று தனி எண் கிடையாது. எஸ்கேப், அதை அடுத்துப் பெரிய ஓ அல்லது ஒரு சதுர அடைப்புக்குறி, அதன்பின் பெரிய ஏ என மூன்று குறிகள் தொடராகச் செல்கின்றன. பழைய விஐ போல நடந்துகொள்ளும் நிலையில் உங்கள் எடிட்டர் அந்தத் தொடரை ஒரே விசையாகப் படிப்பதில்லை. எஸ்கேப் வந்ததும் எழுத்தை உள்ளிடும் நிலையிலிருந்து வெளியேறிக் கட்டளை நிலைக்குப் போகிறது. பெரிய ஓ வந்ததும், அது "மேலே புதிய வரி திற" என்னும் கட்டளையாதலால், வரியைத் திறக்கிறது. கடைசியில் வரும் ஏ அந்த வரியில் எழுத்தாக விழுகிறது. நீங்கள் கண்ட இரண்டு அறிகுறிகளுக்கும் இந்த ஒரே விளக்கம் போதும்.

உபுண்டு தன்னுடன், விஐயின் மேம்பட்ட வடிவமான விம் எடிட்டரின் குறுகிய பதிப்பை மட்டும் நிறுவித் தருகிறது. முழுமையான விம் தொகுப்பை நிறுவிக்கொள்வதே சுருக்கமான வழி. கல்லூரி ஆய்வகத்தில் நிறுவ அனுமதி இல்லையென்றால், உங்கள் முகப்பு அடைவில் விம்ஆர்சி (.vimrc) என்னும் அமைப்புக் கோப்பில் 'செட் நோகம்பேட்டிபிள்' (set nocompatible) என்னும் ஆங்கிலக் கட்டளையை ஒரு வரியாக எழுதி வையுங்கள். அந்தக் கோப்பை உருவாக்கியதும் வேறொன்று நேரலாம்: 2016இல் வெளிவந்த விம் 8 முதல், பயனருக்கு விம்ஆர்சி இல்லாதபோது மட்டுமே சில நல்ல இயல்பமைப்புகள் தாமாக ஏற்றப்படுகின்றன. உங்கள் கோப்பு வந்ததும் அவை விலகிக்கொள்ள, சில நிறுவல்களில் பேக்ஸ்பேஸ் முந்தைய வரிக்குப் போக மறுக்கும். அப்போது 'பேக்ஸ்பேஸ்' என்ற பெயருடைய அமைப்புக்கு இன்டென்ட், இஓஎல், ஸ்டார்ட் (indent,eol,start) ஆகிய மூன்று மதிப்புகளையும் அதே கோப்பில் கொடுத்துவிட்டால் சரியாகும்.

அதே கல்லூரியிலிருந்து இன்னொருவர்: கோப்பைச் சேமிக்க கண்ட்ரோல் எஸ் அழுத்தினேன், திரை உறைந்துவிட்டது. சாளரத்தை மூடியதில் எழுதியது போயிற்று.

கண்ட்ரோல் கியூ அழுத்தியிருந்தால் திரை உயிர்பெற்றிருக்கும். தொலையச்சு இயந்திரக் காலத்திலிருந்து வரும் வழக்கப்படி, டெர்மினலில் கண்ட்ரோல் எஸ் என்பதற்கு "அனுப்புவதை நிறுத்து" என்றும் கண்ட்ரோல் கியூ என்பதற்கு "தொடர்" என்றும் பொருள். எடிட்டர் வரை அந்த விசை போகவே இல்லை. இந்த வழக்கத்தை நிறுத்த, எஸ்டிடிஒய் கட்டளையை '-ஐஎக்ஸ்ஓஎன்' என்ற தெரிவுடன் (stty -ixon), டெர்மினல் திறக்கும்போது படிக்கப்படும் பேஷ்ஆர்சி (.bashrc) கோப்பில் சேர்த்துக்கொள்ளலாம். இக்காலத்தில் இந்த வசதி யாருக்கும் பயன்படுவதாக எனக்குத் தோன்றவில்லை. விம் பயனராயின், சாளரம் மூடப்பட்டாலும், விம் தானாக எழுதிவைக்கும் ஸ்வாப் கோப்பு எஞ்சியிருக்கும். விம்மை '-ஆர்' (சிறிய r) தெரிவுடன் திறந்து மீட்டுப் பாருங்கள்.

ஓசூரில் மென்பொருள் பணியிலிருப்பவர்: ஒரே டெர்மினலைப் பல சாளரங்களாகப் பிரித்துத் தரும் டிமக்ஸுக்குள் விம்மைத் திறந்தால் எஸ்கேப் விசை அரை நொடி தாமதமாக வேலை செய்கிறது.

ஆல்ட் சேர்த்து அழுத்தும் விசைகளும் எஸ்கேப்பில் தொடங்குவதால், அடுத்து ஏதேனும் வருகிறதா என்று டிமக்ஸ் காத்திருக்கிறது. பழைய பதிப்புகளில் அந்தக் காத்திருப்பு 500 மில்லி விநாடி. நீங்கள் சொல்லும் அரை நொடி அதுதான். டிமக்ஸின் 'எஸ்கேப்-டைம்' (escape-time) அமைப்பை 10 ஆகக் குறையுங்கள். தொலைவிலுள்ள சர்வரில் மெதுவான இணைப்பில் வேலை செய்பவர் பூஜ்யம் வரை குறைக்க வேண்டாம். அம்புக்குறித் தொடர்கள் பிளந்து எழுத்தாக விழும்.

ஓசூரிலிருந்தே, கணினி மையம் நடத்தும் பெண்மணி: ஷிஃப்ட்டுடன் 2 அழுத்தினால் @ வருவதற்குப் பதில் மேற்கோள்குறி வருகிறது. சில நேரம் கன்னட எழுத்தும் வருகிறது.

ஷிஃப்ட்டுடன் 3 அழுத்திப் பாருங்கள், அம்மா. பவுண்டுக் குறி வந்தால் பிரித்தானிய விசையமைப்பு தேர்வாகியிருக்கிறது என்று பொருள். தமிழும் தெலுங்கும் கன்னடமும் ஒரே நாளில் அடிக்க வேண்டிய உங்கள் ஊரில் ஒரு கணினியில் நான்கைந்து விசையமைப்புகள் இருப்பது இயல்பு. இடது ஆல்ட்டும் ஷிஃப்ட்டும் தற்செயலாக ஒன்றாக அழுந்தும்போது விண்டோஸ் அவற்றுள் அடுத்ததற்குத் தாவிவிடுகிறது. மொழி அமைப்புகளில் தேவையற்ற பிரித்தானிய அமைப்பை நீக்குங்கள். உள்ளீட்டு மொழிக் குறுக்குவிசைகள் என்னும் பகுதியில் அந்த ஆல்ட்-ஷிஃப்ட் சேர்க்கையையும் நிறுத்துங்கள். விண்டோஸ் விசையும் ஸ்பேஸ்பாரும் சேர்ந்த மாற்றுமுறை உங்களிடம் எஞ்சியிருக்கும். அது தவறுதலாக அழுந்துவது அரிது.

பாலக்கோட்டிலிருந்து: விஎஸ் கோடில் டேப் அழுத்தினால் இடைவெளி விழாமல் கர்சர் வேறெங்கோ போகிறது.

டேப்பை அடுத்த பகுதிக்குத் தாவும் விசையாக மாற்றிவிடும் கண்ட்ரோல் எம் அழுந்தியிருக்கிறது. மறுபடி ஒருமுறை அழுத்தினால் பழைய நிலைக்கு வரும்.

பென்னாகரத்திலிருந்து: எழுத்தை நெடுநேரம் அழுத்திப் பிடித்தால்தான் விழுகிறது.

வலது ஷிஃப்ட்டை 8 விநாடி அழுத்திப் பிடித்தால் விண்டோஸில், சிறிது நேரமே அழுந்தும் விசைகளைப் புறக்கணிக்கும் ஃபில்டர் கீஸ் வசதி இயங்கத் தொடங்கும். மேசையில் கை ஊன்றி யோசிக்கிறவர்களுக்கு இது அடிக்கடி நேர்கிறது. அணுகல் அமைப்புகளில் நிறுத்திவிட்டு, அதன் குறுக்குவிசையையும் அங்கேயே அணைத்துவிடுங்கள்.

கிருஷ்ணகிரியில் கிரானைட் பட்டறைக் கணக்கர்: ஐந்தாறு விசைகள் ஒரே நாளில் செத்துவிட்டன. எந்த எடிட்டரிலும் வேலை செய்யவில்லை.

நான் தொடக்கத்தில் தவிர்த்த அந்த ஒன்று இதுதான். விண்டோஸின் திரை விசைப்பலகையைத் திறந்து வைத்து ஒவ்வொரு விசையாக அழுத்துங்கள். திரையில் அந்தக் கட்டம் ஒளிராவிட்டால் விசைப்பலகையிலிருந்து எண்ணே வரவில்லை. விசைகள் குறுக்கும் நெடுக்குமான மின்கோடுகளின் சந்திப்புகளில் அமைந்திருப்பதால், பல விசைகள் ஒன்றாகச் சாவது ஒரு கோடு அறுந்ததன் அடையாளமாகவே பெரும்பாலும் இருக்கும். ஒற்றை விசை மட்டும் ஒட்டிக்கொள்வதானால் தூசியை ஊதிப் பார்க்கலாம். உங்கள் நிலையில் அது பயன்படாது. புதியது வாங்கும்வரை மைக்ரோசாஃப்டின் பவர்டாய்ஸ் தொகுப்பிலுள்ள விசைமாற்றும் கருவியால் அந்த எழுத்துகளைப் பயன்படாத விசைகளுக்கு மாற்றிக்கொள்ளலாம். பட்டறைக்குள்ளேயே கணினி இருக்குமானால் சிலிக்கோன் உறை போட்ட மலிவான யுஎஸ்பி விசைப்பலகையே போதும்; விலையுயர்ந்தது அந்தக் கல்தூசிக்கு இரை.

காவேரிப்பட்டினத்திலிருந்து: தமிழ்99 விசையமைப்பு முறையில் விம்மில் எழுதுகிறேன். எஸ்கேப் அழுத்தி, வரியை நீக்க டி விசையை இருமுறை அழுத்தினால் ஒன்றும் நடப்பதில்லை.

உள்ளீட்டு மென்பொருள் தமிழிலேயே நிற்பதால் விம்முக்கு 'உஉ' என்று போகிறது. அப்படி ஒரு கட்டளை விம்மில் இல்லை. எச், ஜே, கே, எல் என்ற நகர்வு விசைகளும் க, ப, ம, த ஆகிவிடுகின்றன. இதற்காக விம்மிலேயே 'கீமேப்' என்ற வசதி இருக்கிறது. அது உள்ளிடும் நிலையில் மட்டும் எழுத்தை மாற்றி, கட்டளை நிலையை ஆங்கிலத்திலேயே விட்டுவைக்கும். ஆனால் விம்முடன் வரும் தமிழ்க் கோப்பு டிஸ்கி என்னும் பழைய எழுத்துக் குறியாக்கத்துக்கானது. தமிழ்99க்கு நீங்களே ஒன்று எழுதிக்கொள்ள வேண்டும். ஒரே மெய்யை இருமுறை அடித்தால் முதலாவதற்குத் தானாகப் புள்ளி வைக்கும் தமிழ்99 விதிக்காக ஒவ்வொரு மெய்யின் இரட்டிப்புக்கும் தனி வரி சேர்க்க வேண்டியிருக்கும். அதற்குப் பொறுமை இல்லையென்றால், எஸ்கேப் அழுத்துமுன் உள்ளீட்டு மென்பொருளை ஆங்கிலத்துக்கு மாற்றும் பழக்கமே கைகொடுக்கும்.