பீனோடைப் என்றால் என்ன? வெளித்தோற்றம் மட்டும்தானா?

பாடநூலில் 'புறத்தோற்றம்' என்று படித்ததால்தான் இந்தச் சந்தேகம் வருகிறது. கண்ணால் பார்ப்பது மட்டும் பீனோடைப் அல்ல; ஓர் உயிரிடம் வெளிப்படும் எந்தப் பண்பும் அதில் அடங்கும். உயரம், கண் நிறம் போலவே, பரிசோதனையில் தெரியவரும் ரத்த வகையும் பீனோடைப்தான். உள்ளே இருக்கும் மரபணு அமைப்பு ஜீனோடைப். இந்த இரண்டையும் பிரித்துப் பெயரிட்டவர் டென்மார்க் தாவரவியலாளர் வில்ஹெல்ம் யோஹான்சன், 1909-இல்.

ஏன் பிரிக்க வேண்டும்? ஒரே ஏ வகை ரத்தம் உள்ள இருவரில் ஒருவருக்கு ஏஏ, இன்னொருவருக்கு ஏஓ மரபணு இருக்கலாம். சூழலும் சேர்ந்துகொள்ளும்: சயாமிய பூனைக்கு உடலின் குளிர்ச்சியான பகுதிகளான முகம், காது, வால், பாதத்தில்தான் முடி கறுக்கும்.

எனக்கு மிக முக்கியமாகப் படுவது 1952-இல் விவரிக்கப்பட்ட 'பம்பாய் பீனோடைப்'. இந்த வகை ரத்தம் உள்ளவர்களிடம் ஏ அல்லது பி மரபணு இருந்தாலும், அடிப்படையான எச் ஆன்டிஜென் (ரத்தச் சிவப்பணுவின் மேல் இருக்கும் அடையாளப் பொருள்) உருவாகாததால் அது வெளிப்படாது. வழக்கமான சோதனையில் ஓ வகை போலவே தெரியும். அதை நம்பி ஓ ரத்தம் ஏற்றினால், அதிலுள்ள எச் ஆன்டிஜெனை உடல் எதிர்க்கும்; உயிருக்கே ஆபத்து. இன்னொரு பம்பாய் வகைக்காரரின் ரத்தம்தான் சேரும். அதனால்தான் ரத்த வங்கிகளில் இந்தச் சொல் அடிக்கடி காதில் விழுகிறது. அப்புறம், பயிர் ஆராய்ச்சியிலும் விளைச்சல், வறட்சி தாங்கும் தன்மை போன்றவற்றை அளக்க இதே சொல்தான்.