பருத்திக் காட்டில் சிலந்தி: விதையா, மருந்தா?

பி.டி. பருத்தியிலும் (பாசில்லஸ் துரின்ஜென்சிஸ் என்ற மண் பாக்டீரியாவின் மரபணுவைச் சேர்த்து, காய்ப்புழுவைக் கொல்லும் புரதத்தைத் தானே உருவாக்கும்படி செய்த பருத்தி) சாதாரணப் பருத்தியிலும் சிலந்திகள் எப்படி இருக்கின்றன என்று வாசகர்கள் கேட்ட கேள்விகளுக்கு இந்த இதழில் பதில்.

பி.டி. விதை போட ஆரம்பித்ததிலிருந்து செடியில் எட்டுக்கால் பூச்சி குறைந்துவிட்டதாகத் தெரிகிறது. இலையில் இருக்கும் நஞ்சு, புழுவைத் தின்னும் சிலந்தியையும் கொல்லுமா?
– வாசகர், பெரம்பலூர்

கொல்லாது. பி.டி. செடியில் உருவாகும் கிரை1ஏசி புரதம் (2006-இல் வந்த போல்கார்டு-2 விதைகளில் கிரை2ஏபி புரதமும் சேர்ந்து) காய்ப்புழுவின் நடுக்குடலில்தான் வேலை செய்யும். அந்தக் குடல் காரத்தன்மை கொண்டது. அதன் சுவரில் இந்தப் புரதம் ஒட்டிக்கொள்ளத் தோதான ஏற்பிகள் இருக்கின்றன. ஒட்டிய இடத்தில் துளை விழுந்து புழு சாகிறது. சிலந்தியின் குடலில் இந்த ஏற்பாடு கிடையாது. பி.டி. இலையைத் தின்ற புழுவைச் சிலந்தி பிடித்துத் தின்றால் அதன் உடம்பிலும் அந்தப் புரதம் தென்படும்; கேடு எதுவும் செய்வதில்லை. அசுவினி போலச் சாறு உறிஞ்சும் பூச்சிகளிடம் இந்தப் புரதம் பெரும்பாலும் இருப்பதே இல்லை.

அப்படியானால் சிலந்தி எங்கே போயிற்று? உங்கள் மருந்துச் சிட்டையைப் பாருங்கள். 2002-இல் நம் நாட்டில் பி.டி. பருத்திக்கு அனுமதி கிடைத்த புதிதில், காய்ப்புழுவுக்கு அடிக்கும் மருந்து குறைந்தது உண்மை. பிறகு தத்துப்பூச்சி, மாவுப்பூச்சி, வெள்ளை ஈ என்று அடிக்கத் தொடங்கினோம். இளஞ்சிவப்புக் காய்ப்புழு பி.டி.க்கு எதிர்ப்புத் திறன் பெற்றதும் சைபர்மெத்ரின், லாம்டா சைஹாலோத்ரின் போன்ற பைரித்ராய்டுகள் மறுபடி காட்டுக்குள் வந்தன. சிலந்தியைப் பொறுத்தவரை இவைதான் எமன். தத்துப்பூச்சி இரண்டு மூன்று வாரத்தில் அடுத்த தலைமுறையைக் கொண்டுவந்துவிடும். பல சிலந்தி இனங்களுக்கோ ஆண்டுக்கு ஒன்றிரண்டு தலைமுறைதான். மருந்தில் இரண்டும் செத்தாலும் முதலில் மீண்டு வருவது தத்துப்பூச்சியே.

வட சீனாவில் 36 இடங்களில் 1990 முதல் 2010 வரை எடுத்த கணக்கு 2012-இல் வெளிவந்தது. பி.டி. பருத்தி பரவி, பூச்சிமருந்து குறைந்த பிறகு அங்கே சிலந்தி, பொறிவண்டு, பச்சைக் கண்ணாடி இறக்கைப்பூச்சி மூன்றும் பெருகின, அசுவினி குறைந்தது. மறுபக்கமும் உண்டு. 42 வயல் ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2007-இல் வந்த தொகுப்பாய்வின்படி, மருந்தடித்த சாதாரண வயலைவிட பி.டி. வயலில் மற்ற சிற்றுயிர்கள் அதிகம். மருந்தே அடிக்காத சாதாரண வயலோடு ஒப்பிட்டால் சில வகைகள் பி.டி.யில் சற்றுக் குறைவு. விதை விற்பவர் முதல் பாதியை மட்டும் சொல்வார், எதிர்ப்பவர் இரண்டாவதை மட்டும்.

எங்கள் காட்டில் பி.டி. பாதி, சாதாரணப் பருத்தி பாதி. இரண்டிலும் சிலந்தியை எண்ணி ஒப்பிட விரும்புகிறோம். எப்படி எண்ணுவது?
– உழவர் குழு, ஸ்ரீவில்லிபுத்தூர்

எண்ணுவது எளிது, நேர்மையாக ஒப்பிடுவதுதான் கடினம். ஒரு பக்கம் பி.டி. வீரிய ஒட்டு, மறுபக்கம் எஸ்.வி.பி.ஆர். (ஸ்ரீவில்லிபுத்தூர் பருத்தி ஆராய்ச்சி நிலைய) ரகம் என்று வைத்தால் செடியின் உயரம், இலையின் ரோமம், பூக்கும் நாள் எல்லாமே மாறும். நீங்கள் அளப்பது ரகத்தின் வித்தியாசமாக இருக்கும். அதே ஒட்டில் பி.டி. அல்லாத விதை கிடைத்தால் மட்டுமே மரபணுவைப் பற்றிப் பேசலாம். கிடைக்காவிட்டால் ஒரே நாளில் விதைத்து, ஒரே உரம், ஒரே பாசனம், ஒரே விதைநேர்த்தி என்றாவது வையுங்கள். பி.டி. விதை இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிமருந்து பூசியே வருகிறது என்பதை மறக்க வேண்டாம். ஒவ்வொரு பாதியும் குறைந்தது அரை ஏக்கராவது இருக்கட்டும். குஞ்சுச் சிலந்திகள் நூலை விட்டுக் காற்றில் பறந்து இடம் மாறும். ஐந்து சென்ட் பாத்தியில் எண்ணினால் இரண்டும் ஒன்றாகவே தெரியும்.

செடியில் இருப்பவற்றுக்குக் கண்ணால் பார்த்து எண்ணும் முறை. விதைத்த 30-ஆம் நாளிலிருந்து வாரம் ஒரு முறை, காலை 9 மணிக்குள். வரப்பிலிருந்து 10 மீட்டர் உள்ளே தள்ளி, குறுக்கும் நெடுக்குமாக நடந்து 25 செடிகள். முதலில் ஓர் அடி தள்ளி நின்று பாருங்கள். உங்கள் நிழல் விழுந்தால் காலில் முள் முள்ளாக ரோமம் கொண்ட லின்க்ஸ் சிலந்தி குதித்து ஓடிவிடும். பிறகு இலையின் அடிப்பக்கம், சப்பையின் (பூமொட்டின்) மூடிதழ், மடிந்த இலை, பூவுக்குள் ஒளிந்திருக்கும் நண்டுச் சிலந்தி. கடைசியாகச் செடியின் கீழ் வெள்ளைத் துணியைப் பிடித்து இரண்டு தட்டு. 90 நாளுக்கு மேல் செடி புதர் போலாகிவிடும். அப்போது இரண்டு பக்கமும் செடிக்கு ஒரே நிமிடக் கணக்கு வைக்காவிட்டால் கவனமாகப் பார்த்தவர் பக்கம்தான் ஜெயிக்கும். ஆளையும் வாரத்துக்கு வாரம் பக்கம் மாற்றுங்கள்.

தரையில் ஓடும் ஓநாய்ச் சிலந்திக்குக் குழிப்பொறி. 200 மி.லி. பிளாஸ்டிக் கப் இரண்டை ஒன்றுக்குள் ஒன்றாகப் புதையுங்கள். உள் கப்பை மட்டும் தூக்கினால் மண் சரியாது. விளிம்பு மண்மட்டத்துக்குச் சரியாக இருக்க வேண்டும். நெல் பருமன் மேலே நீட்டிக்கொண்டிருந்தாலும் சிலந்தி சுற்றிக்கொண்டு போய்விடும். மூன்றில் ஒரு பங்கு உப்புத் தண்ணீர், இரண்டு சொட்டு சோப்புக் கரைசல் (தண்ணீரின் மேல் நடக்காமல் மூழ்க). மூன்று கல் வைத்து 3 செ.மீ. உயரத்தில் ஓடு மூடுங்கள். பாதிக்கு 5 பொறி, 10 மீட்டர் இடைவெளி, பாரின் சரிவில். வாய்க்காலில் வைத்தால் முதல் தண்ணீரிலேயே மிதக்கும். 7 நாள் கழித்து எடுத்து 70 சதவீத ஆல்கஹாலில் போடுங்கள்.

பொறியில் அதிகம் விழுந்தால் அதிகம் இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். இரை இல்லாத காட்டில் பசித்த சிலந்தி கூடுதலாக அலைந்தும் விழும். செடிக் கணக்கோடு சேர்த்தே பார்க்க வேண்டும். மொத்தமாகக் கூட்டாமல் வலை பின்னுபவை, செடியில் வேட்டையாடுபவை, தரையில் ஓடுபவை எனப் பிரித்து எழுதுங்கள். பக்கத்துக் காட்டுக்காரர் மருந்தடித்த தேதியும் நோட்டில் இருக்கட்டும்.

சிலந்தி இருந்தால் மருந்தடிக்க வேண்டாமா? எத்தனை இருந்தால் போதும்?
– வாசகர், ஆத்தூர்

பயிர்ச் சூழல் ஆய்வில் (செடி, பூச்சி, வானிலை எல்லாம் பார்த்து மருந்து தேவையா என்று முடிவெடுக்கும் முறை) சொல்லும் கணக்கு: தீமை செய்யும் பூச்சி 2-க்கு நன்மை செய்வது 1 இருந்தால் பொறுத்திருக்கலாம். சிலந்தியோடு பொறிவண்டு, கண்ணாடி இறக்கைப்பூச்சியையும் சேர்த்தே எண்ணுங்கள். தத்துப்பூச்சி இலைக்கு 2 இளம்பூச்சியைத் தாண்டி, இலை ஓரம் மஞ்சளாகிச் சுருளத் தொடங்கினால் காத்திருக்க முடியாது. அப்போதும் பைரித்ராய்டுக்குப் போகாமல், சாறு உறிஞ்சிகளை மட்டும் குறிவைக்கும் புளோனிகாமிட் போன்றதை எடுங்கள்.

இளஞ்சிவப்புக் காய்ப்புழுவுக்குச் சிலந்தியை நம்ப வேண்டாம். புழு காய்க்குள் போய்விடும், சிலந்தி உள்ளே போகாது. இனக்கவர்ச்சிப் பொறியில் தொடர்ந்து 3 இரவு, இரவுக்கு 8 அந்துப்பூச்சி விழுந்தாலோ, பறித்து உடைத்த 20 பச்சைக் காயில் 2-இல் புழு இருந்தாலோ மருந்துதான் வழி.

களைக்கொல்லி தாங்கும் பருத்தி விதை கிடைக்கிறதாம். அதில் சிலந்தி எப்படி?
– வாசகர், விருதுநகர்

அந்த விதைக்கு இந்தியாவில் அனுமதி இல்லை, விற்றால் குற்றம். சிலந்தி விஷயத்தில் இங்கே களைதான் கணக்கு. தரை சுத்தமாகிவிட்டால் ஓநாய்ச் சிலந்திக்கு நிழலும் இரையும் போகும். பிரிட்டனில் 1999-இல் தொடங்கிய பெரிய வயல் ஆய்வில், களைக்கொல்லி தாங்கும் பீட், கடுகு இன வயல்களில் களை குறைந்தது, மக்காச்சோளத்தில் கூடியது. அங்கே சாதாரண மக்காச்சோளத்துக்கு அடித்த அட்ரசின் என்ற களைக்கொல்லி அதைவிடக் கடுமையானது! பருத்தியில் தட்டைப்பயறு, உளுந்து ஊடுபயிராகப் போட்டு, வரப்புப் புல்லை ஒரே நாளில் மழிக்காமல் பாதி பாதியாக அறுத்தாலே சிலந்தி தங்கும்.

வலைச் சிலந்தி தன் வலையையே தின்னுமாமே? பி.டி. மகரந்தம் வலையில் ஒட்டினால்?
– வேளாண் மாணவி, கோவை

தின்னும், பழைய வலையைச் சுருட்டி விழுங்கிப் புதிதாகப் பின்னும். ஐரோப்பியத் தோட்டச் சிலந்திக்கு பி.டி. மக்காச்சோள மகரந்தத்தைக் கொடுத்துப் பார்த்தபோது எடை, தோலுரிப்பு, வலை எதிலும் மாற்றமில்லை. பருத்தி மகரந்தம் கனமானது, பிசுபிசுப்பானது. காற்றில் வலைக்கு வந்து சேர்வதே அபூர்வம்.

பருத்தி எடுக்கும் பெண்களைச் சிலந்தி கடித்தால் ஆபத்தா?
– வாசகி, அரியலூர்

பெரும்பாலானவற்றின் பல் நம் தோலில் இறங்காது. இலையை மடித்துக் கூடு கட்டும் மஞ்சள் பைச் சிலந்தி கடித்தால் மட்டும் எரிச்சலும் வீக்கமும் இருக்கும். சோப்பு போட்டுக் கழுவி, குளிர்ந்த தண்ணீர்த் துணி வைத்தால் சில நாளில் வடியும். வீக்கம் பரவினாலோ மூச்சு வாங்கினாலோ உடனே மருத்துவமனை. மடிந்த இலையைக் கையால் பிரிக்காமல் இருந்தாலே பாதிக் கடி தவிரும்.